கணவாய் வராத மேசை

மாமியார் பேனாவை இடப்பக்கம் நீட்டினாள்.

மூத்த மருமகள் வாய்ஷான் உட்கார்ந்திருந்தது வலப்பக்கம். அவள் கை அதற்குள் பாதி தூரம் நீண்டுவிட்டது. நீண்ட கையைச் சும்மா திருப்பிக்கொள்ள முடியாமல் தேநீர்க் கெண்டியைப் பிடித்து, ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்த கோப்பையில் இன்னும் இரண்டு சொட்டு விட்டாள்.

"இன்னிக்கு நீ எழுது ஹோய்துங்," என்றாள் மாமியார், சின்ன மருமகளிடம். "படகுக்காரன் பொண்ணு கையால மீன் வாங்கித் தின்னு பாப்போம்."

"ஐயோ, நானா அத்தை? அக்கா இருக்காங்களே."

"அக்கா இருபத்திரண்டு வருஷமா எழுதுறா. கை வலிக்காதா அவளுக்கு?"

கை வலிக்கிறது என்று வாய்ஷான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆப்லெய்ச்சாவ் தீவின் சந்தையில் கீழ்த்தளத்தில் மீன் விற்பார்கள், மேல்மாடியில் அதைச் சமைத்துக் கொடுப்பார்கள். குண்டு பிங்கின் கடை மேல்மாடியில் மூன்றாவது. இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் விரித்த வட்ட மேசைகள், முதுகில்லாத ஸ்டூல்கள், மாமியார் வயதுக்காரர்களுக்கு மட்டும் முதுகுள்ள நாற்காலி. வருகிறவர்கள் முதலில் இடம் பிடித்து, கொதிக்கும் தேநீரில் கிண்ணங்களையும் குச்சிகளையும் அலசி, அப்புறம்தான் கீழே இறங்குவார்கள். என்ன சாப்பிடுவது என்று எழுதிவிட்டு இறங்குகிறவன் ஏமாளி. தொட்டியில் எது துள்ளுகிறது என்று பார்த்து வாங்கிக்கொண்டு வந்து எழுதுகிறவன் விவரம் தெரிந்தவன்.

எழுதுகிற சீட்டு மூன்று தாள். நடுவே கரித்தாள் வைத்திருப்பதால் மேல்தாளில் எழுதினால் மூன்றிலும் பதியும். மேல்தாள் அடுப்படிக்குப் போகும். நடுத்தாள் கல்லாவுக்கு. அடித்தாள் மேசையிலேயே, தேநீர்க் கெண்டிக்கு அடியில் கிடக்கும். தட்டு ஒவ்வொன்றும் வர வர, கொண்டுவருகிற ஆள் அந்த அடித்தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவான். எது வந்தது, எது வரவில்லை என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு குடும்பத்துக்குச் சீட்டு எழுதுவது எத்தனை பெரிய வேலை என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வேகவைத்தது ஒன்று இருந்தால் வறுத்தது ஒன்று வேண்டும். இரண்டு தட்டில் ஒரே குழம்பு வரக் கூடாது. நண்டு குளிர்ச்சி, ஆகவே இஞ்சி எங்காவது இருக்க வேண்டும். மூத்தவன் ஆ சிங்குக்குக் கட்டைவிரலில் வாதம், மட்டியும் இறாலும் அவனுக்கு ஆகாது. இளையவன் ஆ மானுக்குப் பூண்டு இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது. வாய்ஷானின் மகள் செக்யூவுக்குப் பதினாறு வயது, கண் தெரியும்படி வந்த எதையும் தொடமாட்டாள், இறாலைக்கூடத் தலையை வெட்டித்தான் வைக்க வேண்டும். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, யாரும் தனக்காக எழுதியது என்று உணராதபடி எல்லோருக்கும் எழுத வேண்டும்.

கல்யாணமான முதல் வருஷம் வாய்ஷான் எழுதிய சீட்டில் இரண்டு தட்டு ஒரே கறுப்பு சோயாக் குழம்பில் வந்தது. "சட்டியைக் கழுவ சோம்பல்பட்டு ரெண்டு தடவை வெச்சிருக்கான் பாரு," என்று மாமியார் சமையல்காரனைத் திட்டுகிற சாக்கில் அவளைத் திட்டினாள். அதற்கப்புறம் ஒரு தவறு கிடையாது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மாலை ஆறு மணி, பேனா வலப்பக்கம் வரும். அந்தப் பேனா கையில் இருக்கிற கால் மணி நேரம் அந்த மேசையே அவளுடையது. வேறெங்கும் எதுவும் அவளுடையதாக இருந்ததில்லை.

இப்போது மாமியார் சின்ன மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டு வேறு.

"உங்க அம்மாவுக்கு மூட்டு வலின்னுதானே பதினஞ்சு வருஷமா நான் தனியா எறங்கி எல்லாத்தையும் தூக்கிட்டு வரேன்?" என்றாள் வாய்ஷான், புருஷனிடம். "இன்னிக்கு மூட்டு எங்க போச்சு?"

ஆ சிங் கைபேசியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். "லிஃப்ட்ல போறாங்க."

"லிஃப்ட் என்ன இன்னிக்குக் காலையிலயா மாட்டினாங்க?"

"அம்மா," என்றாள் செக்யூ, "உனக்குப் பொறாமை."

"வாயை மூடிக்கிட்டு கிண்ணத்தை அலசு."

"அலசியாச்சு. நீ ரெண்டு தடவை அலசிட்டே."

எதிரே உட்கார்ந்திருந்த ஆ மான் சங்கடமாகச் சிரித்தான். நாற்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டவன், நாலு மாதமாகவே சிரித்தபடிதான் இருந்தான். "அண்ணி, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பா எழுதினா நீங்கதான் திருத்தணும்."

அதுதான் வாய்ஷானின் ஒரே நம்பிக்கையும். தப்பாக எழுதட்டும்.

இருபது நிமிஷம் கழித்து இரண்டு பேரும் தண்ணீர் சொட்டும் சிவப்புப் பைகளோடு வந்தார்கள். வாய்ஷான் ஒத்தாசை செய்கிற மாதிரி பைகளை வாங்கி உள்ளே பார்த்தாள். களவா மீன் பையைக் கிழிக்கிற வேகத்தில் உதறியது. தொட்டியில் பல நாள் கிடந்த மீனுக்குத் தலை பெருத்து வயிறு ஒட்டியிருக்கும். இதற்கு முதுகு திரண்டு, வயிறு நிமிர்ந்து, மூக்கில் கண்ணாடியில் முட்டிய புண் இல்லை. நேற்று வந்த மீன். கணவாயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து விரிந்து சுருங்கின. உயிர் இருந்தால்தான் அப்படி மினுக்கும். மட்டிகள் தொட்டதும் வாயை மூடிக்கொண்டன.

"கடைக்காரன் எங்கிட்ட ஒரு விலை சொன்னான்," என்றாள் மாமியார் மூச்சு வாங்க. "இவ ஒரு வார்த்தை பேசல. மீனோட செவுளைத் தூக்கிக் காட்டுனு கையைத்தான் காட்டினா. அவனே கொறைச்சுட்டான்! இவ அப்பா பேரைச் சொன்னதும் ரெண்டு மட்டி சேத்துப் போட்டான்."

"ஒண்ணுதான் அத்தை."

"ரெண்டு. நான் பாத்தேன்."

ஹோய்துங் சீட்டை எழுதினாள். வாய்ஷான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுத்துகளைத் தலைகீழாகவே படித்தாள். தலை வெட்டிய இறால், வெறும் நீரில் வேகவைத்தது. அது செக்யூவுக்கு. ஆவியில் வைத்த முட்டை, அது ஆ சிங்கின் கட்டைவிரலுக்கு. பூண்டும் கண்ணாடிச் சேமியாவும் போட்ட சிப்பி, ஆ மானுக்கு. கறுப்பு சோயாவில் மட்டி, மிளகாய் பாதி. வாய்ஷானுக்கு மட்டி பிடிக்கும், மிளகாய் பாதிதான் பிடிக்கும். அதை இவளுக்கு யார் சொன்னது? இஞ்சி போட்ட கீரை. ஆவியில் களவா. பூண்டுத்தூள் மூடி வறுத்த நண்டு. உப்பு மிளகில் வறுத்த கணவாய்.

பிடித்துவிட்டாள். வாய்ஷானுக்கு உடம்பே லேசானது.

"ஹோய்துங், வறுத்தது ரெண்டு இருக்கு. அத்தைக்கு ரத்த அழுத்தம். ஒரு வருஷமா நான் அவிச்சதுதான் எழுதுறேன். கணவாய் வேற பல்லுக்கு..."

"என் பல்லு என் வாயிலதான் இருக்கு," என்றாள் மாமியார். "இல்லாத அன்னிக்கு சொல்றேன். எனக்கு நண்டும் வேணும், கணவாயும் வேணும். நான்தான் எழுதச் சொன்னேன். ஒரு வருஷமா ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மேசை போட்டு உக்காந்து தின்னுட்டிருக்கேன்."

செக்யூ களுக்கென்று சிரித்தாள். ஆ மான் கீழே பார்த்தான். ஆ சிங்கின் குதிரை தோற்றுவிட்டது போலும், அவன் யாரையும் பார்க்கவில்லை.

ஒரு வருஷமாக வாய்ஷான் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை அடுக்களைக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். உப்பைக் கரண்டியால் அளந்து போட்டாள். அந்த அக்கறைதான் பேனாவைப் பறித்தது என்று தெரிந்ததும் அவளுக்கு எரிச்சல் பொங்கியது. நல்லதை எழுதினவள் ஆஸ்பத்திரி. கேட்டதை எழுதினவள் மகாராணி.

கடை ஆள் வந்து பைகளையும் மேல்தாள்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனான். அவள் மேசையில் கிடந்த அடித்தாளை மறுபடியும் பார்த்தாள். இந்தத் தடவை தட்டுகளைப் படிக்கவில்லை. எண்ணினாள். எட்டு.

இந்த ஊரில் குடும்பமாகச் சாப்பிட உட்கார்ந்தால் ஆறு தட்டு வரலாம், எட்டு வரலாம், கைச்செலவுக்குத் தக்கபடி ஐந்துகூட வரலாம். ஏழு மட்டும் வரக் கூடாது. மயானத்திலிருந்து நேரே திரும்பி வருகிறவர்களை உட்காரவைத்துப் போடுகிற சாப்பாடுதான் ஏழு தட்டு. சோறு கணக்கில் இல்லை, முதலில் வைக்கிற வேர்க்கடலை இல்லை, கடைசியில் வருகிற இனிப்புக் கஞ்சியும் இல்லை. மற்றபடி தட்டில் வருவதெல்லாம் கணக்கு. வாய்ஷான் கல்யாணமாகி வந்த வாரம் மாமியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான். ஏழு எழுதுகிற மருமகள் வீட்டைப் புதைக்க வந்தவள் என்று மாமியாரின் பழைய தோழிகள் மாஜோங் ஆட்டத்தில் சொல்வார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

எட்டில் ஒன்று போனால் ஏழு. எழுதிய கை ஹோய்துங்கின் கை.

"கை கழுவிட்டு வரேன்," என்று எழுந்தாள் வாய்ஷான்.

கல்லாவில் பிங்கின் மனைவி இருந்தாள். ஒரு காதில் தொலைபேசி, மறு காதில் அடுப்படியின் இரைச்சல்.

"ஒன்பதாம் மேசை," என்றாள் வாய்ஷான். "கணவாய் வேண்டாம். மாமியாருக்குப் பல்லு. ஐஸ்ல வெச்சிருங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

பிங்கின் மனைவி நடுத்தாளை உருவி ஒரு கோடு இழுத்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஒன்பதுக்குக் கணவாய் வேண்டாம்!" என்று கத்தினாள். உள்ளேயிருந்து பிங், "சரி!" என்றான்.

அவ்வளவுதான். கை கழுவுகிற இடத்தில் வாய்ஷான் உண்மையாகவே கை கழுவினாள், சோப்புப் போட்டு. யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டாள். கடைசித் தட்டு வரும், மாமியார் எண்ணுவாள், முகம் மாறும். படகுக்காரப் பெண்ணுக்குக் களவா தெரியும், ஏழு தெரியாது என்று ஆகும். அடுத்த மாதம் பேனா பழைய பக்கம் வரும். இதில் யார் செத்தார்கள்?

தட்டுகள் வரத் தொடங்கின. முதலில் இறால், அப்புறம் முட்டை. ஹோய்துங் இறாலை உரித்து உரித்து மாமியார் கிண்ணத்தில் வைத்தாள். வாலைப் பிடித்து ஒரு திருகு, ஓடு முழுசாகக் கழன்று வந்தது. வாய்ஷானுக்கு ஓர் இறால் உரிக்கிற நேரத்தில் அவள் மூன்று உரித்தாள்.

"பாத்தியாடி செக்யூ?" என்றாள் மாமியார். "ஒரு கால்கூட ஒட்டல."

"மெஷின் மாதிரி இருக்காங்க சித்தி!"

மட்டி வந்தது. வாய்ஷான் இரண்டு எடுத்தாள். மிளகாய் சரியாக இருந்தது. எரிச்சலோடு இன்னும் நாலு எடுத்தாள். சிப்பி வந்தது. நண்டு வந்தபோது மாமியார் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே எடுத்தாள். கொடுக்கைப் பல்லிடுக்கில் வைத்து நொறுக்கினாள், வறுத்த பூண்டுத்தூள் மோவாயில் ஒட்டிக்கொண்டது. எழுபத்து நாலு வயது முகம் முழுக்க எண்ணெய். அப்படி ஒரு சந்தோஷத்தை வாய்ஷான் எழுதின எந்தச் சீட்டும் அந்த முகத்துக்குக் கொடுத்ததில்லை. அவளால் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிறகு களவா. கொண்டுவந்த ஆள் தட்டைச் சுழற்றி, மீனின் தலையை மாமியார் பக்கம் திருப்பி வைத்தான். வாய்ஷான் கடைசியாக ஒரு குறை தேடினாள். உயிரோடு ஆவிக்குப் போன மீனுக்கு வெந்ததும் கண் வெள்ளை முத்தாக வெளியே தள்ளும், துடுப்பு விறைத்து நிற்கும், முதுகில் தோல் தானாக வெடிக்கும். மூன்றும் இருந்தன. குச்சியால் தசையை விலக்கினாள். முள்ளை ஒட்டி ஒரு நூல் அளவுக்கு மட்டும் இளஞ்சிவப்பு. எட்டு நிமிஷம். ஒன்பதாவது நிமிஷம் வைத்திருந்தால் அதுவும் வெளுத்திருக்கும், மீன் பஞ்சாகியிருக்கும். "எட்டு நிமிஷத்துக்கு மேல வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், பாவி.

மீனின் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதை உண்டு. ஒரு மீனுக்கு இரண்டே. ஒன்று மாமியார் எடுத்துக்கொள்வாள். மற்றது இத்தனை வருஷமும் வாய்ஷான் கிண்ணத்தில் விழுந்தது. மாமியாரின் குச்சிகள் அந்தக் கன்னத்தை அலுங்காமல் பிடுங்கி, மேசையைக் கடந்து, இடப்பக்கம் போயின.

"வாங்கினவளுக்கு."

ஹோய்துங் இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தி வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். மாமியார் அந்தப் பக்கம் திரும்பியதும் அதைச் சத்தமில்லாமல் செக்யூவின் கிண்ணத்துக்குத் தள்ளிவிட்டாள்.

வாய்ஷான் பார்த்துவிட்டாள். தனக்குக் கிடைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் கரைத்திருப்பாள். இவளுக்கு அது தள்ளிவிடுகிற பொருள்! பணக்காரன் பழைய சட்டையைத் தானம் கொடுக்கிற மாதிரி.

"சரி, எல்லாரும் இருக்கீங்க," என்றாள் மாமியார், கையைத் துடைத்துக்கொண்டே. "சொல்லிடறேன். வியாழக்கிழமை என் நெஞ்சைத் திறக்கப் போறாங்க."

ஆ சிங்கும் ஆ மானும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்தார்கள். வாய்ஷானுக்கு மட்டும்தான் அது புரியவில்லை.

"திறக்கன்னா?"

"வால்வு ஒண்ணு சரியா மூடலையாம். மாத்தணுமாம். மாடு வால்வோ பன்னி வால்வோ வெப்பாங்களாம். பன்னியே வெக்கச் சொல்லிட்டேன், பழகின ருசி."

"அத்தை! எப்ப... யாரு பாத்தது? எனக்கு..."

"மூணு மாசமா பாத்துக்கிட்டிருக்கோம். ஹோய்துங் வேலை பாக்கிற எக்ஸ்ரே எடத்துலதான் முதல்ல தெரிஞ்சுது. மூணு தடவையும் அவதான் கூட வந்தா."

வாய்ஷான் புருஷனைப் பார்த்தாள். ஆ சிங் முட்டைத் தட்டில் கரண்டியால் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். "நேத்துதான் எனக்குச் சொன்னாங்க."

"நேத்து சொன்னாங்க. நேத்து ராத்திரி என் பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?"

"அவனைக் கடிக்காதே. நான்தான் வாயைத் தெறக்காதேன்னு சொன்னேன்," என்றாள் மாமியார். "உங்கிட்ட சொன்னா என்ன ஆகும்? மறுநாள்ல இருந்து உப்பில்லாத கஞ்சி. டி.வி. சத்தத்தைக்கூடக் கம்மி பண்ணுவே. மூணு மாசமாவது மனுஷியா இருக்கலாம்னு பாத்தேன்."

மூன்று மாதம். ஆஸ்பத்திரி வராந்தா, பக்கத்துப் பக்கத்து நாற்காலி, சீட்டு எண் கூப்பிடுகிறவரை பேசிய பேச்சு, வருகிற வழியில் எங்காவது ஒரு கோப்பை தேநீர். அத்தனையும் இடப்பக்கத்துக்காரிக்கு. பேனா போனதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று வாய்ஷானுக்குத் தோன்றியது. அவளுக்கு அழுகை வந்தது. அதில் எவ்வளவு மாமியாருக்காக, எவ்வளவு தனக்காக என்று பிரிக்கத் தெரியவில்லை.

அப்போது கீரை வந்தது. கொண்டுவந்த ஆள் கோடு இழுத்துவிட்டுப் போனான்.

இறால், முட்டை, மட்டி, சிப்பி, நண்டு, களவா, கீரை.

ஏழு. வியாழக்கிழமை நெஞ்சைத் திறக்கப்போகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏழு தட்டு வைத்து உட்காரவைத்திருக்கிறாள். வேறு யாரும் இல்லை, அவள்தான், எண்ணி.

வேகமாக எழுந்தாள்.

"உக்காரு," என்றாள் மாமியார். "அழறதுன்னா இங்கயே அழு. கை கழுவுற எடத்துல போய் அழாதே, அங்க மீன் குடல் கழுவின தண்ணிதான் இருக்கும்."

"இல்லத்தை, ஒரு நிமிஷம், கல்லாவுல..."

"உக்காருன்னா உக்காரு. நான் சொல்லி முடிக்கல."

ஆஸ்பத்திரிப் பேர், எத்தனை நாள், யார் எப்போது வர வேண்டும், யார் வரவே வேண்டாம் என்றெல்லாம் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. வாய்ஷான் காதில் ஒன்றும் விழவில்லை. காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டுபோக ஆள் வந்தான்.

"இனிப்புக் கஞ்சி கொண்டாரவா?"

"கஞ்சி இருக்கட்டும். கணவாய் எங்க?" என்றாள் மாமியார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கெண்டியைத் தூக்கி, அடித்தாளை எடுத்தாள். ஏழு வரியில் கோடு. எட்டாவது வரி, கோடில்லாமல், எழுதினபடியே இருந்தது.

கல்லாவின் தாளில் அடித்தாயிற்று, அடுப்படியில் கத்தியாயிற்று. மேசையில் கிடக்கிற தாளை மட்டும் வாய்ஷான் மறந்துபோனாள். இருபத்திரண்டு வருஷம் எழுதினவள்.

"கணவாய் வேண்டாம்னு சொல்லிட்டாங்களே," என்றான் ஆள்.

"யாரு?"

"தெரியல. கல்லாவுல வந்து யாரோ சொல்லியிருக்காங்க."

மாமியார் தட்டுகளைப் பார்த்தாள். விரல் தானாக மடங்கத் தொடங்கியது. ஐந்தில் ஒரு கை முடிந்து, மறு கையில் இரண்டு. அந்த இரண்டாவது விரலை அவள் மடக்கியபடியே வைத்திருந்தாள்.

"நான்தான் அத்தை," என்றாள் ஹோய்துங். "அக்கா பல்லைப் பத்தி சொன்னாங்கல்ல, சரியாத்தான் சொல்றாங்கன்னு போய் நிறுத்தச் சொன்னேன். எண்ணிப் பாக்கல. தப்புதான்."

அவள் வாங்கிவந்ததிலிருந்து கல்லாப் பக்கமே போகவில்லை. அது வாய்ஷானுக்குத் தெரியும். கல்லாவுக்குப் போனது யார் என்று ஹோய்துங்குக்கும் தெரிந்திருக்கிறது. கைகழுவும் இடத்துக்கு வழி கல்லாவைத் தாண்டித்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். திட்டம் போட்டது போலவே எல்லாம் நடந்துவிட்டது. பேனா திரும்பி வந்துவிடும். ஆனால் இந்தப் பெரிய மனசையும் சேர்த்து இவளே கட்டிக்கொண்டு போய்விடுவாளே! மீன், இறால், ஆஸ்பத்திரி, கடைசியில் வாய்ஷானின் பழிகூட இவள் கைக்கா? அதை அவளால் தாங்க முடியவில்லை.

"அவ பொய் சொல்றா," என்றாள் வாய்ஷான். "நான்தான் நிறுத்தினேன்."

செக்யூ குச்சியைக் கீழே வைத்தாள்.

மாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "எண்ணினியா? எண்ணாம பண்ணினியா?"

"வியாழக்கிழமை எனக்குத் தெரியாது அத்தை. சத்தியமா தெரியாது."

"அதைக் கேக்கல."

"எண்ணித்தான் பண்ணினேன்."

பக்கத்து மேசையில் யாரோ பீர் போத்தலைத் திறந்தார்கள். ஆ சிங், "வாய்ஷான்," என்றான், பெண்டாட்டியை முதல் தடவை பார்க்கிறவன் போல.

மாமியார் மடக்கிய விரல்களைப் பிரித்தாள். நண்டுத் தட்டில் மிஞ்சிய பூண்டுத்தூளைக் குச்சியால் ஒரு ஓரமாகக் கூட்டினாள். முகம் கோணவில்லை, சிரிக்கவும் இல்லை. "எனக்கு இன்னும் பசி இருக்கு," என்றாள் கடைசியில். "கணவாய் எங்க இப்ப?"

"ஐஸ்ல இருக்கு."

"வறுக்கச் சொல்லு. எட்டாவது வராம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன். அப்படியே வியாழக்கிழமை வந்தாலும் இங்கயே வந்து திறக்கட்டும்."

வாய்ஷான் அடித்தாளை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள்.

"மறுபடியும் வேணுமா?" என்றாள் பிங்கின் மனைவி. "உங்க மாமியாருக்குப் பல்லு மொளைச்சிடுச்சா?" நடுத்தாளில் புதிதாக எழுதினாள், உள்ளே கத்தினாள். எண்ணெய்ச் சட்டி சீறியது. "வேற ஏதாவது?"

வேறென்ன? வாய்ஷான் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பழக்க தோஷம், எந்தத் தட்டு யார் வாய்க்கு என்று வரிக்கு வரி பார்த்துக்கொண்டு வந்தாள். செக்யூ வாய். ஆ சிங் வாய். ஆ மான், மாமியார், மாமியார். மட்டி தன் வாய். கீரையும் மீனும் பொது. மறுபடி மேலேயிருந்து பார்த்தாள். ஒரு வாய் குறைந்தது.

தவறு! கடைசியில் ஒரு தவறு கிடைத்துவிட்டது. அவளுக்குள் பழைய எரிச்சல் ஒரு நிமிஷம் சந்தோஷமாகக் குதித்தது. தாளைப் பிடித்தபடி மேசைக்குத் திரும்பி வந்து, ஹோய்துங் முன்னால் நின்றாள்.

"உன் சீட்டுல ஒரு தப்பு இருக்கு."

ஹோய்துங் நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை வாய்ஷான் அப்போதுதான் பார்த்தாள். "என்னக்கா?"

"உனக்குன்னு எதுவும் எழுதல. எழுதறவளுக்கும் ஒரு தட்டு இருக்கணும். அவ பட்டினியா எழுந்தா மேசைக்கு ஆகாது. என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேண்டாம்க்கா. இருக்கிறதே போதும்."

"சொல்லு. நாலு மாசமா உனக்கு என்ன பிடிக்கும்னு நான் கேக்கல. அது என் தப்பு. இப்பக் கேக்கறேன். நண்டா? சிப்பியா? இறங்கி வாங்கிட்டு வரேன்."

ஹோய்துங் புருஷனைப் பார்த்தாள். ஆ மான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லிடு," என்றான்.

"எனக்கு மீனே ஆகாதுக்கா," என்றாள் ஹோய்துங், மெதுவாக. "நண்டு, மட்டி, எதுவும். பதினெட்டு வயசு வரைக்கும் படகுல காலைல மீன், மத்தியானம் மீன், ராத்திரி மீன். வாசனை வந்தாலே தொண்டை அடைக்குது."

மாமியார் வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி! அப்பறம் எதுக்கு எங்கூட தொட்டி தொட்டியா ஏறி எறங்கினே?"

"உங்களுக்குப் பிடிக்குமே அத்தை."

"அப்ப என்னதான் திம்பே?"

"பன்னி இறைச்சி. புளிப்பு இனிப்பு போட்டது. அன்னாசி போட்டு."

"மீன் சந்தையில உக்காந்து அன்னாசி போட்ட பன்னி!" செக்யூ மேசையைத் தட்டிச் சிரித்தாள். ஆ சிங்குக்கும் சிரிப்பு வந்தது, தேநீரில் புரையேறியது.

"அது வந்தா ஒன்பது ஆகுமே," என்றாள் ஹோய்துங் கவலையோடு.

"ஒன்பது நல்ல எண்ணு. ஒன்பதுன்னா நீண்ட ஆயுசு, ரொம்ப நாளைக்கு இழுக்கும்," என்றாள் மாமியார். "எழுதச் சொல்லு. கொழுப்போட போடச் சொல்லு, நானும் ரெண்டு எடுத்துக்கறேன்."

உப்பு, கொழுப்பு என்று வாய்ஷானின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். மேசைமேல் கிடந்த பேனாவை யாரும் நீட்டாமல் தானே எடுத்து, தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, எட்டாவது வரிக்குக் கீழே ஒன்பதாவதை எழுதினாள். அன்னாசி நிறைய என்று அடிக்கோடு போட்டாள். எழுதிவிட்டுப் பார்த்தால், மேலேயிருந்த எட்டு வரியும் அச்சடித்த மாதிரி இருந்தன. தன்னுடையது மட்டும் கோணலாக, கோழி கிளறின மாதிரி இருந்தது.

எழுத்தும் அழகு, சனியன். வாய்ஷான் தாளை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு நடந்தாள்.